விற்பனைக் கூடத்தில் தெரியாத தரம்

புதிய மின்சாரக் கார் வாங்க எண்ணும் ஹெவ்லொக் டவுன்வாசிகள் எதைப் பரீட்சிக்க வேண்டும், எந்தச் சலுகைக்கு எவ்வளவு மதிப்பு அளிக்க வேண்டும்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடைபட்ட வாகன இறக்குமதியின் கதவு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது முதலாக, கொழும்பு நகரத்துக் குடும்பங்கள் பல தாம் நெடுங்காலம் ஒத்திப்போட்டு வந்த ஒரு தீர்மானத்தை மீண்டும் கையில் எடுத்திருக்கின்றன. பெற்றோல் வரிசையின் துன்பத்தை அநுபவித்தவர்களுக்கு மின்சாரக் காரின்மீது ஆசை பிறப்பது இயல்பு. அவ்வாசையுடன் விற்பனைக் கூடத்துக்குள் நுழைகின்றவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். கார் நன்றாகக் கட்டப்பட்டதா என்பது ஒன்று. சார்ஜ் செய்வதற்கு என்ன இலவசம் தருவீர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் முதற்கேள்விக்குரிய விடையைக் கதவு சாத்தும் ஓசையிலும் இருக்கைத் தோலின் மென்மையிலும் தேடுவதும், இரண்டாம் கேள்விக்குரிய விடையை விளம்பரத் துண்டில் தேடுவதும் பிழையான வழிகள் என்பது எமது அபிப்பிராயம். மின்சாரக் காரின் தரம் தரைக்கும் இருக்கைக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கிறது. சார்ஜ் சலுகையின் மதிப்போ, கார் இரவில் உறங்கும் இடத்தில் இருக்கிறது.

லீஃப் கற்பித்த பாடம்

மின்சாரத்தால் ஓடும் வாகனம் கொழும்புக்குப் புதியதன்று. 1899இல் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கமாக ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் வண்டிகளைக் கொட்டாஞ்சேனையின் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். 1953இல் வந்த ட்ரொலி பஸ்கள் 1964 வரை நகரத்தில் ஓடின. அவை தலைக்கு மேலே சென்ற கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெற்றவை. ஆதலால் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பிரச்சினை அவற்றுக்கு இருக்கவில்லை. அந்தப் பிரச்சினையைக் கொழும்பு மக்கள் கண்ணாரக் கண்டது, 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரிச் சலுகையின் காரணமாக ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்யப்பட்ட நிசான் லீஃப் கார்கள் பெருமளவில் வந்திறங்கிய காலத்திலேதான்.

லீஃப் நன்றாகக் கட்டப்பட்ட கார் என்பதில் ஐயமில்லை. அதன் கதவுகள் செம்மையாகப் பொருந்தின. ஓட்டம் அமைதியாக இருந்தது. பழுதுபடக்கூடிய இயந்திர உறுப்புகளும் சொற்பமே. ஆனால் 24 கிலோவாற் மணி கொள்ளளவு கொண்ட அதன் பற்றரிக்கு, உஷ்ணத்தைத் தணிக்கும் திரவக் குளிரூட்டல் கிடையாது. காரின் அடியில் படும் காற்றையே அது நம்பியிருந்தது. ஜப்பானின் குளிர்ந்த மாகாணங்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். 2012ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவன வெயிலில் ஓடிய லீஃப் கார்களின் பற்றரிகள் எதிர்பார்த்ததற்கு முன்னரே கொள்ளளவை இழப்பதாக முறைப்பாடுகள் எழுந்து, வழக்காகவும் மாறி, அதன் பின்னரே பற்றரியின் கொள்ளளவுக்குத் தனியான உத்தரவாதத்தை நிறுவனம் அங்கு வழங்கிற்று. கொழும்பில் அரிசோனாவின் உச்ச வெயில் இல்லை. ஆனால் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் ஓய்வின்றி வெப்பம் உண்டு. லீஃபின் முகப்பில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதே பழைய லீஃப் வாங்குவோரின் முதற்கேள்வி ஆயிற்று. வர்ணமும் இருக்கையும் புதியன போல் விளங்கும் ஒரு கார், கோடுகள் குறைந்துவிட்டமையால் பாதி விலைக்கும் போகாத நிலையை இந்நகரம் கண்டது. மின்சாரக் காரின் தரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கலத்திலிருந்து தொடங்கும் கட்டுமானம்

ஆகவே புதிய கார் வாங்குவோர் தமது பரிசீலனையைப் பற்றரியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அங்கும் முதலிடம் பெறுவது பற்றரிக் கலங்களின் உற்பத்தித் தரம். உலகப் பிரசித்தி பெற்ற ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தான் விற்ற செவர்லே போல்ட் கார்கள் அனைத்தையும் 2021இல் திருப்பியழைக்க நேர்ந்ததற்குக் காரணம், உடற்பகுதியிலோ மோட்டாரிலோ இருந்த குறையன்று. பற்றரிக் கலத்துக்குள் ஒரு மின்வாயின் நாக்கு கிழிந்திருந்ததும், மின்வாய்களைப் பிரித்துவைக்கும் மெல்லிய தாள் மடிந்திருந்ததுமான இரு சிறு பிழைகள் ஒரே கலத்தில் சேர்ந்தபோது தீ மூண்டதே அதற்கு ஹேது. விற்பனைக் கூடத்தில் எவரும் கண்டுபிடிக்க முடியாத குறை அது. இத்தகைய குறைகளிலிருந்து வாங்குபவரைக் காப்பாற்றுவன, உற்பத்தியாளர் குறையை ஒப்புக்கொண்டு திருத்தித்தரும் ஒழுங்கும், அவ்வொழுங்கை இந்நாட்டில் நிறைவேற்றக்கூடிய ஓர் ஏஜென்டும், எழுத்தில் உள்ள உத்தரவாதமுமே.

அடுத்தது இரசாயனம். இன்று சந்தைக்கு வரும் கார்களில் பெரும்பாலும் இரு வகைப் பற்றரிகள் காணப்படுகின்றன. நிக்கல், மங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றைக் கொண்ட வகை, குறைந்த எடையில் அதிக சக்தியைத் தாங்கும். ஆனால் அன்றாடம் முழுமையாக நிரப்பிவைத்தால் விரைவில் முதுமை அடையும். இரும்பும் பொஸ்பேற்றும் கொண்ட வகை எடையில் கூடியது. எனினும் வெப்பத்தில் எளிதில் தீப்பற்றாது, அதிக தடவைகள் நிரப்பினாலும் நீண்டகாலம் உழைக்கும். பி.வை.டி. நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ‘பிளேட்’ பற்றரி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வகையின் பிறப்பில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமாகும். தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃபுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சி, பொஸ்பேற்று போன்ற கூட்டயன் சேர்மங்களைப் பற்றரியில் பயன்படுத்தும் மார்க்கத்தைத் திறந்தது. 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட குடினஃப் தமது முதிர்ந்த பிராயத்தில், சம்பிரதாயமான நோபெல் விரிவுரையைத் தமக்குப் பதிலாக நிகழ்த்தும் பொறுப்பை மந்திரத்திடமே ஒப்படைத்தார். நம்மைப் போன்று உஷ்ண தேசத்தில் வாழ்ந்து, காரை ஆறேழு ஆண்டுகளேனும் வைத்திருக்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்துக்கு, வேறு காரணங்கள் சமமாக இருக்குமாயின், இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியே ஏற்றது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

மூன்றாவது குளிரூட்டல். பற்றரியைத் திரவத்தாலோ குளிர்பதன வாயுவாலோ நேரே குளிரூட்டும் ஏற்பாடு காரில் இருக்கிறதா என்று வினவுங்கள். இல்லையெனின், அக்காரின் மற்றைச் சிறப்புகள் எவையாயினும் அது கொழும்புக்கு உகந்ததன்று.

உப்புக் காற்றும் மழைநீரும்

ஹெவ்லொக் டவுன் கடலிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அமைந்தது. வெள்ளவத்தையோ கடலின் ஓரத்திலேயே இருக்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்றுடன் வரும் உப்பு, இரும்பை மௌனமாக அரிக்கும். பெற்றோல் காரில் துருவினால் சேதமுறுவது ஒரு தகடு. மின்சாரக் காரில் துருப்பிடித்தால் அதனுடன் உயர் அழுத்த மின்னிணைப்புகளும் பற்றரிப் பெட்டியின் பிணைப்பு ஆணிகளும் சேதமுறக்கூடும். ஆதலால் காரை ஒரு தடவை மேலே உயர்த்தச் சொல்லி, அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பது அவசியம். நல்ல ஏஜென்ட் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். பற்றரியின் கீழே தடித்த காப்புத் தகடு உண்டா, தகடுகள் இணையும் ஓரங்களில் பசைப்பூச்சு ஒழுங்காகப் பரவியுள்ளதா, தடித்த செம்மஞ்சள் வயர்கள் வெளியே தொங்காமல் உறைகளுக்குள் அடங்கியுள்ளனவா, ஆணித்தலைகளில் இப்போதே துரு தோன்றியுள்ளதா என்று பாருங்கள். கப்பலிலும் துறைமுகத்திலும் பல மாதங்கள் கிடந்த கார் புதியதாயினும் இளமையானதாக இராது.

கிருலப்பனை, வெள்ளவத்தைக் கால்வாய்களை அடுத்த தாழ்ந்த வீதிகள் பெருமழையில் நீர் நிறைந்து நிற்பதும், 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் அயற்பகுதிகளை மூழ்கடித்ததும் நாம் அறிந்தவை. பற்றரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்னும் தரம் கூறப்படுமாயின், ஒரு மீற்றர் ஆழ நீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது பொருள். அது புதிய பெட்டியின் நிலைக்குரிய பரிசோதனை. வேகத்தடையில் அடிபட்டு நெளிந்த பெட்டிக்கு அந்த உறுதி பொருந்தாது. பற்றரியின் பாரத்தால் இக்கார்கள் ஒத்த அளவுள்ள பெற்றோல் கார்களை விடச் சில நூறு கிலோ எடை கூடியவை என்பதனால், நம் வீதிகளின் குழிகள் சஸ்பென்ஷனையும் டயர்களையும் அதிகமாகத் தாக்கும். ஆகவே பரீட்சார்த்த ஓட்டத்தைச் செவ்வையான டூப்ளிகேஷன் வீதியில் மட்டும் முடித்துக்கொள்ளாமல், குண்டும் குழியுமான ஓர் ஒழுங்கைக்குள்ளும் ஓட்டிப் பார்த்து, அடியிலிருந்து எழும் ஓசைகளைக் கவனிப்பது புத்திசாலித்தனம்.

கட்டுமானத்தைப் போலவே பத்திரங்களையும் பரீட்சிக்க வேண்டும். இலங்கையில் மின்சாரக் காரின் உற்பத்தி வரி மோட்டாரின் வலுவைக் கொண்டு கிலோவாற் கணக்கில் கணிக்கப்படுகிறது. 2025இல் பி.வை.டி. கார்களின் மோட்டார் வலு 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்று சுங்கத் திணைக்களம் ஐயம் எழுப்பி வாகனங்களைத் தடுத்துவைத்ததும், இறக்குமதியாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியதும் பலருக்கும் நினைவிருக்கும். அவ்விவகாரத்தில் எப்பக்கம் நியாயம் என்று விவாதிப்பது எமது நோக்கமன்று. முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களின் கவலையே இங்கு கருதற்பாலது. மோட்டாரின் வலு, பற்றரியின் கொள்ளளவு, உற்பத்தி ஆண்டு ஆகிய மூன்றும் விலைப்பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.

இலவசத்தின் கணக்கு

இனிச் சார்ஜ் சலுகைக்கு வருவோம். டெஸ்லா நிறுவனம் தன் ஆரம்பகாலக் கார்களுக்கு ஆயுள் முழுவதும் இலவசமாக அதிவேகச் சார்ஜ் செய்யும் உரிமையை அளித்தது. வாகனங்கள் பெருகியதும், 2017 ஜனவரி நடுப்பகுதிக்குப் பின் வந்த கொள்வனவுகளுக்கு அதை ஆண்டொன்றுக்கு 400 அலகுகள் என்று சுருக்கிற்று. நிசானும் அமெரிக்காவில் 2014இல் லீஃப் வாங்குவோர்க்கு இரண்டு ஆண்டுகள் பொது நிலையங்களில் இலவசமாகச் சார்ஜ் செய்ய வழிசெய்தது. இவ்வாறான சலுகைகள் புதிய சந்தையை வளர்க்கும் யுக்திகள். சந்தை வளர்ந்ததும் அவை தேய்வது வியாபார தர்மம். ஆதலால், சலுகை எத்தனை காலத்துக்கு, எத்தனை அலகுகளுக்கு, எந்த நிலையங்களில், காரை விற்றால் அடுத்த உரிமையாளருக்குச் செல்லுமா என்ற நான்கையும் எழுத்தில் பெறாத சலுகையைச் சலுகை என்று கொள்ளலாகாது.

அதன் பின்னர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு கிலோவாற் மணி என்பது நமது மின்பட்டியலில் உள்ள ஓர் அலகு. சாதாரண அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 15 அலகுகளைக் கொள்ளும். மாதத்துக்கு 800 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு 120 அலகுகள் தேவை. சார்ஜ் செய்கையில் வீணாவதையும் சேர்த்தால் 135 அலகுகள் எனலாம். அதனை உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கினால், ‘ஓராண்டு இலவசம்’ என்ற வாக்கின் உண்மையான பெறுமதி கிடைத்துவிடும். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். அதற்கு ஈடான விலைக்குறைப்போ, நீட்டிக்கப்பட்ட பற்றரி உத்தரவாதமோ பல சந்தர்ப்பங்களில் மேலானது. அதிவேகச் சார்ஜை அடிக்கடி பாவிப்பது பற்றரியின் உஷ்ணத்தைக் கூட்டும் என்பதனால், குளிரூட்டல் இல்லாத காருக்கு அத்தகைய இலவசம் உபகாரமாக அன்றி அபகாரமாகவே முடியக்கூடும்.

வீட்டுக்கு இலவசமாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லப்படும் 7 கிலோவாற் சுவர்ச் சார்ஜர் இதைவிடப் பயனுள்ளது. எனினும் அதுவும் சகலருக்கும் அத்தியாவசியமன்று. சாதாரணமான 13 ஆம்பியர் பிளக்கில் செருகும் சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 2 அலகுகளைத் தரும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான ஏழு மணித்தியாலத்தில் 14 அலகுகள். அதாவது நஷ்டம் போக 80 கிலோமீற்றர் ஓட்டம். ஹெவ்லொக் டவுனிலிருந்து கோட்டை அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் மாலையில் கொட்டாஞ்சேனைக்கும் சென்று திரும்பும் காருக்கு இது தாராளம். ஆனால் பழைய வீடுகளின் வயரிங் ஒரு பிளக்கில் ஏழு மணி நேரம் தொடர்ந்து பாரத்தைச் சுமக்கும் தகுதி உள்ளதா என்பதே கவலைக்குரிய விஷயம். காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், செம்மையான பூமித்தொடுப்பு ஆகிய நான்கையும் தேர்ச்சி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு அமைப்பித்தல் இன்றியமையாதது. ஏஜென்ட் தரும் இலவசத்தில் சார்ஜர் மட்டுமா, இந்த வேலையும் அடக்கமா என்று கேளுங்கள்.

மேற்கூறிய 10.30 மணிக்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு மின்சாரத்துக்கான நேரவாரிக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம். அதன்பின் காலை 5.30 வரை மிகக் குறைந்த கட்டணம். சாதாரண வீட்டுப் பட்டியலிலோ அலகுகள் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், காரின் அலகுகள் உயர்ந்த படியின் விலையிலேயே வந்து விழும். எனவே மின்சாரக் கார் வைத்திருப்பவர் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறத் தமக்குத் தகுதி உண்டா என்று விசாரித்தல் நன்று. மாலையில் குளிரூட்டியும் அடுப்பும் அதிகம் பாவிக்கும் குடும்பம், உச்ச நேரக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே மாற வேண்டும். கூரையில் சூரியத் தகடு உள்ளவர்களுக்கு இன்னொரு மார்க்கமும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் கட்டமைப்பின் சமநிலையைக் குலைக்கும் என்று அஞ்சி, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. தேசத்துக்குப் பாரமாகிவிட்ட அந்த நண்பகல் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளத்தக்க பாத்திரம், வாசலில் நிற்கும் கார்ப் பற்றரியே அன்றோ?

தூரப் பிரயாணத்தின் நிலைமை வேறு. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் செல்லும் வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வழி உண்டு. 60 அலகு பற்றரியும் நிம்மதியாக ஒரே மூச்சில் அங்கு கொண்டுபோய்ச் சேர்க்காது. இங்கேதான் அதிவேகச் சார்ஜும், காரின் சார்ஜ் வாயின் வகையும் முக்கியத்துவம் பெறுகின்றன. ஜப்பானிலிருந்து வரும் கார்களுக்குச் சாடெமோ, ஐரோப்பிய முறைக் கார்களுக்குச் சி.சி.எஸ்.2, சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு ஜி.பி.டி என மூவகை வாய்கள் இருக்கின்றன. சீனாவிலிருந்து தனியார் மூலமாக மலிவாக வரும் காரை வாங்கும் முன்னர், ஏ9 வழியில் அதற்குப் பொருந்தும் நிலையம் எங்கே உள்ளதென்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாடிமனைகளின் உரிமை

இதுவரை கூறியவை யாவும், தனக்கென்று ஒரு வாசலும் ஒரு பிளக்கும் உடையவருக்குப் பொருந்தும். ஆனால் ஹெவ்லொக் வீதியின் இருமருங்கிலும், முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த காணியில் எழுந்துள்ள ஹெவ்லொக் சிற்றியிலும், காலி வீதியின் கடற்பக்க ஒழுங்கைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்வது மாடிமனைகளில். கார் நிற்பது கீழ்த்தளத்தில். மின்மானி இருப்பது வேறிடத்தில். நடுவே உள்ள நிலமும் சுவரும் சகலருக்கும் பொதுவானவை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பொதுச் சொத்தை நிர்வகிப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அதன் இணக்கமின்றி ஒரு வயரையும் இழுக்க முடியாது. பொதுமானியிலிருந்து மின்சாரம் எடுத்தால் அயலவர் மனம் நோவர். அவர்கள் நோவதும் நியாயமே. ஆகவே, ஏஜென்ட் இலவசமாகத் தரும் சுவர்ச் சார்ஜர் பெட்டியைத் திறக்காமலே அறைக்குள் கிடக்கும் நிலைமை மாடிமனைவாசிக்கு நேரக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. தரிப்பிடம்தோறும் துணைமானி அமைத்து, ஒவ்வொருவர் பாவித்த அலகுக்கும் அவரவரே பணம் செலுத்தச் செய்யலாம். கட்டடத்தின் மின்னிணைப்பு தாங்கும் அளவை மீறாமல் பல கார்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் சாதனங்கள் இன்று உலகில் சாதாரணமாகிவிட்டன. இரவு முழுவதும் கார்கள் நிற்பதால் எவருக்கும் அவசரம் இல்லை. ஒருவர் தனித்துக் கேட்கையில் தயங்கும் நிர்வாகம், பத்துப் பேர் சேர்ந்து, பொறியியலாளரின் மதிப்பீட்டோடும் தீத்தடுப்பு ஏற்பாட்டோடும் கேட்கையில் இணங்கும். புதிதாக எழும் மாடிமனைகள் தரிப்பிடங்களுக்கு மின்குழாய்களை முன்கூட்டியே பதித்துவைக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தியை நிர்வகிப்போர் விதிப்பாராயின், வருங்காலத்தவர் சுவரை உடைக்கும் தொல்லையிலிருந்து தப்புவர்.

2022ஆம் ஆண்டின் நாட்களை நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு நாட்டில் பெற்றோலும் இல்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரமும் இல்லை. எரிபொருளுக்கு வெளிநாட்டுச் செலாவணியைக் கொடுத்தே தீரவேண்டிய தேசத்துக்கு, தன் மழையாலும் வெயிலாலும் காற்றாலும் ஓடக்கூடிய வாகனம் ஒரு பெரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமாயின், பத்து ஆண்டுகள் கழித்தும் உழைக்கும் கார்களே இங்கு வர வேண்டும்; அவற்றை வாங்கும் சாமானிய மக்களுக்கு அவற்றை நிரப்பிக்கொள்ள ஓர் இடமும் உரிமையும் வேண்டும். ஆதலால் வாங்க எண்ணுவோர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பாராக: முதலில் தம் தரிப்பிடத்துக்கு மின்சாரம் வர வழி தேடட்டும்; அடுத்து, பற்றரியின் இரசாயனத்தையும் குளிரூட்டலையும் உத்தரவாதத்தையும் ஆராயட்டும்; பின்பு காரை உயர்த்தி அதன் அடியைப் பார்க்கட்டும்; இலவசங்களைப் பற்றிப் பேசுவதை இறுதிக்கு வைத்துக்கொள்ளட்டும். இவ்வொழுங்கில் சென்றவர் தம் பணத்துக்கு உரிய பொருளைப் பெறுவார் என்பதுடன், அவர் கேட்ட கேள்விகளின் பயனாக அடுத்து வாங்குபவருக்கும் நல்ல கார்களே இந்நாட்டுக்கு வந்துசேரும்.